அரே போவதில்லை, முகவரிதான் போகிறது

சி, சி++ நிரல்களை வெப்அசெம்பிளியாக்கி (பிரவுசர் வேகமாக ஓட்டும் கீழ்மட்டக் கட்டளை வடிவம் அது) பிரவுசரில் ஓட்டிப் பார்க்கும் வாசகர்களில் பெரும்பாலோர் முட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில்தான். ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் அரேயை அந்தப் பக்கம் கொடுப்பது எப்படி, அங்கிருந்து திரும்ப வாங்குவது எப்படி? இந்த முறை பிரிண்டர் கேள்விகளையும் பாஸ்வேர்டு கேள்விகளையும் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக வெப்பநிலை அளவுகளின் சராசரியைக் கணக்கிடும் ஒரு சின்ன சி ஃபங்ஷன் எழுதி, எம்ஸ்க்ரிப்டனில் (சி-யை வெப்அசெம்பிளியாக்கும் கருவி) ஓ2 என்ற வேகப்படுத்தும் ஆப்ஷன் போட்டு கம்பைல் செய்தேன். ஃபங்ஷன் வாங்குவது முதலில் ஃப்ளோட் பாயிண்டர் (தசம எண்கள் இருக்கும் முகவரி), அடுத்து எண்ணிக்கை. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து [36.6, 37.2, 38.1] என்ற அரேயையும் 3 என்பதையும் கொடுத்தால் விடை எப்போதும் 0. எர்ரர் ஒன்றும் வரவில்லை. அதே ஃபங்ஷனை லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் சரியாக வருகிறது. என்ன தப்பு சார்?

பதில்: உங்கள் சி ஃபங்ஷனில் தப்பே இல்லை, அதற்கு உங்கள் அரே போய்ச் சேரவே இல்லை. வெப்அசெம்பிளி ஃபங்ஷனுக்குள் நுழைய முடிவது அடிப்படையில் எண்கள் மட்டும்தான். 32 பிட், 64 பிட் முழு எண்கள், அதே இரண்டு அளவுகளில் தசம எண்கள், அவ்வளவுதான். பிறகு சேர்ந்த வகைகள் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. சி-யின் பாயிண்டர் அங்கே ஒரு 32 பிட் முழு எண். அந்த இடத்தில் நீங்கள் அரேயை நீட்டியதும் ஜாவாஸ்கிரிப்ட் "இது எண் இல்லையே" என்று நிறுத்தியிருக்கலாம், ஆனால் அதன் சுபாவம் அப்படி இல்லை, எதைக் கொடுத்தாலும் எண்ணாக்கிப் பார்த்துவிடும். உங்கள் அரேயை முதலில் "36.6,37.2,38.1" என்று ஒரே ஸ்ட்ரிங்காக மாற்றுகிறது. அதை எண்ணாகப் படிக்கப் பார்த்து, முடியாமல் நேன் (எண் அல்ல) என்கிறது. நேனை முழு எண்ணாக்கினால் 0. ஆக உங்கள் ஃபங்ஷனுக்குப் போன முகவரி 0.

லேப்டாப்பில் 0 என்ற முகவரியைத் தொட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும், பிழையும் கையோடு தெரிந்துவிடும். வெப்அசெம்பிளியின் மெமரி 0-வது பைட்டில்தான் தொடங்குகிறது, அதனால் அதைப் படிப்பது முழுக்க முழுக்கச் சட்டப்படியான காரியம். ஓ2 பில்டில் அந்த ஓரத்தில் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் கிடக்கும், மூன்று பூஜ்யங்களின் சராசரி பூஜ்யம். பிழை தேடுவதற்கான டீபக் பில்டாக இருந்திருந்தால் ஏதாவது விசித்திரமான எண் வந்து உங்களை முன்பே சந்தேகப்பட வைத்திருக்கும். இன்னொரு வேடிக்கை, ஒரே ஒரு உறுப்புள்ள [5] என்ற அரேயைக் கொடுத்துப் பாருங்கள். அது "5" ஆகி, பிறகு 5 ஆகி, உங்கள் ஃபங்ஷன் 5-வது பைட்டிலிருந்து படிக்க ஆரம்பிக்கும். சேஃப் ஹீப் என்ற ஆப்ஷனைப் போட்டு ஒருமுறை கம்பைல் செய்து ஓட்டினால் இந்த மாதிரி 0 முகவரி விவகாரங்கள் பிடிபடும், வேகம் குறையும் என்பதால் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி இது. முதலில் வெப்அசெம்பிளியின் மெமரிக்குள்ளேயே இடம் வாங்க வேண்டும். மூன்று ஃப்ளோட், ஆளுக்கு 4 பைட், எனவே இடம் ஒதுக்கும் மேலாக் ஃபங்ஷனை 12 என்று கூப்பிடுங்கள். ஒரு எண் வரும், 70,000 என்று வைத்துக்கொள்வோம். அதுதான் முகவரி. அந்த மெமரி முழுவதையும் 32 பிட் தசம எண்களின் வரிசையாகப் பார்க்கக் கொடுக்கும் வியூவுக்கு எம்ஸ்க்ரிப்டனில் ஹீப்எஃப்32 என்று பெயர். அதன் செட் மெத்தடில் உங்கள் அரேயையும், 17,500 என்ற இடத்தையும் கொடுங்கள். 70,000 இல்லை, 17,500. முகவரி பைட் கணக்கில் இருக்கிறது, ஹீப்எஃப்32 நான்கு நான்கு பைட்டாக எண்ணுகிறது, அதனால்தான் எல்லா உதாரணங்களிலும் முகவரியை இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளியிருப்பார்கள். 64 பிட் டபுளுக்கு ஹீப்எஃப்64, அங்கே மூன்று பிட். இந்தத் தள்ளுதலை மறந்தால் உங்கள் தரவு 2,80,000-வது பைட்டில் போய் விழும், அங்கே யாருடைய பொருள் இருந்ததோ அதன் தலையில். இதற்கும் எர்ரர் வராது.

எழுதி முடித்ததும் 70,000, 3 என்ற இரண்டு எண்களை ஃபங்ஷனுக்குக் கொடுங்கள், விடை வந்ததும் ஃப்ரீ செய்து அந்த இடத்தை விடுவித்துவிடுங்கள். மேலாக், ஃப்ரீ இரண்டையும் கம்பைல் செய்யும்போதே ஏற்றுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், முன்னால் அடிக்கோடு போட்டு. புதிய எம்ஸ்க்ரிப்டன் பதிப்புகளில் ஹீப்எஃப்32-ஐயும் ரன்டைம் பட்டியலில் எழுதிக் கேட்டால்தான் மாட்யூலில் கிடைக்கும். பழைய டுடோரியலைப் பார்த்து எழுதுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

கேள்வி: இவ்வளவு சுற்றத் தேவையில்லை, சிகாலில் (ஜாவாஸ்கிரிப்டிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிட எம்ஸ்க்ரிப்டன் தரும் ஃபங்ஷன்) ஆர்க்யுமெண்ட் வகையை 'அரே' என்று போட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன். 300 அனுப்பினால் அந்தப் பக்கம் 44 ஆகப் போகிறது. என்ன கணக்கு இது?

பதில்: 300-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 44. சிகாலின் 'அரே' என்பது பைட் அரே. ஒவ்வொரு உறுப்பையும் 8 பிட்டுக்குள் அடக்கித்தான் வைக்கும், 36.6 கொடுத்தால் 36 ஆகிவிடும். ஃப்ளோட் பாயிண்டராக அதைப் படித்தால் இன்னும் மோசம், நான்கு தனித்தனி உறுப்புகள் ஒட்டிக்கொண்டு ஒரே தசம எண்ணாகிவிடும். ஒரு ஃபைலின் உள்ளடக்கம், பிக்சல் மாதிரி உண்மையிலேயே பைட்டாக இருக்கும் சின்னத் தரவுக்கு மட்டும் அது சரி. "சின்ன" என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது தரவை ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் கிடைக்கும் தற்காலிக இடம்) காப்பி செய்கிறது, எம்ஸ்க்ரிப்டன் 3.1.27 பதிப்பிலிருந்து ஸ்டாக்கின் அளவு வழக்கத்தில் 64 கேபி மட்டுமே, அதற்கு முன்பு 5 எம்பி இருந்தது. ஃபங்ஷன் திரும்பியதும் அந்த ஸ்டாக் இடம் விடுவிக்கப்பட்டுவிடும், ஆகவே சி உள்ளே அந்த அரேயில் என்ன மாற்றம் செய்தாலும் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் அரேக்கு வராது. திரும்ப வரும் மதிப்பின் வகையாக 'அரே' என்று போடவும் முடியாது. உங்கள் சீனியர் பைட்களோடு மட்டுமே பழகியிருப்பார்.

கேள்வி: சி ஃபங்ஷனுக்குள் 100 உறுப்புள்ள அரேயில் விடைகளை நிரப்பி அதையே ரிட்டர்ன் செய்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எண் வருகிறது. அந்த எண்ணிலிருந்து படித்தால் சில சமயம் சரியாகவும் சில சமயம் குப்பையாகவும் வருகிறது.

பதில்: அந்த எண் முகவரி, அது சரி. ஆனால் ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரே ஸ்டாக்கில் இருக்கிறது, ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் பொதுச்சொத்து. அடுத்த ஃபங்ஷன் வந்து அதில் எழுதும்வரை உங்கள் விடைகள் அங்கேயே கிடக்கும், அதனால்தான் "சில சமயம் சரியாக". இது வெப்அசெம்பிளியின் குற்றம் இல்லை, சாதாரண சி-யிலும் இதே கதைதான், கம்பைலர் வார்னிங் கொடுத்திருக்குமே, பார்க்கவில்லையா?

ஸ்டாட்டிக் என்று போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் இரண்டாவது முறை கூப்பிட்டால் முதல் விடை அழியும். சி-க்குள் மேலாக் செய்து முகவரியை அனுப்பலாம், அப்போது யார் ஃப்ரீ செய்வது என்ற தகராறு வரும், பாயிண்டரோடு நீளமும் வராது என்பதால் எத்தனை உறுப்புகள் என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது பழைய சி ஆட்கள் செய்யும் முறைதான். விடைக்கான இடத்தையும் ஜாவாஸ்கிரிப்டே மேலாக்கில் வாங்கி, அந்த முகவரியையும் அதன் கொள்ளளவையும் உள்ளே அனுப்புங்கள். சி அதில் நிரப்பிவிட்டு எத்தனை நிரப்பினேன் என்ற எண்ணை மட்டும் ரிட்டர்ன் செய்யட்டும். வாங்கியவரே திருப்பிக் கொடுக்கிறார், குழப்பம் இல்லை. பிறகு ஹீப்எஃப்32-இல் அந்தப் பகுதியை ஸ்லைஸ் செய்து எடுத்துக்கொண்டு ஃப்ரீ செய்யுங்கள். சப்அரே போடாதீர்கள், அது காப்பி எடுக்காது, ஃப்ரீ செய்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: போட்டோவுக்கு ஃபில்டர் போடும் ஒரு பக்கம் செய்திருக்கிறேன். சின்னப் படங்களுக்கு அருமையாக ஓடுகிறது. மொபைல் கேமராவில் எடுத்த பெரிய படத்தைப் போட்டால் திடீரென்று அரேயின் நீளம் 0 என்கிறது, சில நேரம் டைப் எர்ரர். மெமரி வளரலாம் என்ற ஆப்ஷனையும் கொடுத்திருக்கிறேனே!

பதில்: அந்த ஆப்ஷனைக் கொடுத்ததால்தான். எடுத்துவிடச் சொல்லவில்லை, எடுத்தால் பெரிய படத்துக்கு மெமரி இல்லை என்று வேறு விதமாக விழும். நடப்பது என்ன என்று பாருங்கள்.

4,000-க்கு 3,000 பிக்சல் படம், பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 4 கோடியே 80 லட்சம் பைட். எம்ஸ்க்ரிப்டன் வழக்கமாகத் தொடங்குவது 16 எம்பி சுமாரில். நீங்கள் மேலாக் கேட்டதும் இடம் போதாமல் மெமரி வளர்கிறது, 64 கேபி கொண்ட பக்கங்களாகத்தான் வளரும். வளரும்போது பழைய அரேபஃபர் (மெமரியை ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டும் பொருள்) துண்டிக்கப்பட்டு, புதிய அரேபஃபர் ஒன்று அதே மெமரிக்கு வந்துவிடுகிறது. பைட் பைட்டாகக் காட்டும் ஹீப்யு8 மாதிரியான வியூக்கள் எல்லாம் அந்த மெமரியைப் பார்க்கும் ஜன்னல்கள் என்று வையுங்கள், பழைய ஜன்னல்கள் அத்தனையும் ஒரே நொடியில் சுவராகிவிடும். நீளம் 0, எந்த இடத்தைப் படித்தாலும் அன்டிஃபைன்ட், எழுதினால் சத்தமில்லாமல் காணாமல் போகும். உள்ளே இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் கையில் இருக்கும் முகவரி எண்களும் அப்படியே செல்லும். செத்தது வியூ மட்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் தரவையே மறுபடி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வீண் வேலை.

எம்ஸ்க்ரிப்டன் தன்னுடைய ஹீப் வியூக்களைப் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் தொடக்கத்திலேயே ஒரு கான்ஸ்ட்டில் எடுத்து வைத்துக்கொண்ட வியூவை அதால் புதுப்பிக்க முடியாது. எனவே வியூவைச் சேமிக்காதீர்கள், முகவரியைச் சேமியுங்கள், தேவைப்படும் ஒவ்வொரு முறையும் மாட்யூலிலிருந்து புதிதாக எடுங்கள்.

டைப் எர்ரர் எங்கிருந்து வருகிறது என்றும் நீங்கள் அனுப்பிய கோடில் கண்ணில் பட்டது. ஒரே வரியில், ஹீப்யு8-இன் செட்டைக் கூப்பிட்டு, அதன் இரண்டாவது ஆர்க்யுமெண்டாக மேலாக்கையே எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாகப் போகிறது, முதலில் ஹீப்யு8-ஐ எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறது, அப்புறம்தான் ஆர்க்யுமெண்டுகளைக் கணக்கிட மேலாக்குக்குப் போகிறது. அந்த மேலாக்கில் மெமரி வளர்ந்தால் கையில் இருக்கும் ஹீப்யு8 செத்துப்போனது. செத்த வியூவில் செட் செய்தால் டைப் எர்ரர். முதல் வரியில் மேலாக் செய்து முகவரியை வாங்குங்கள், இரண்டாவது வரியில் செட் செய்யுங்கள். இவ்வளவுதான் திருத்தம்.

த்ரெட் போட்டு ஷேர்டு மெமரியில் ஓட்டினால் பழைய வியூ சாகாது, வளர்ந்த புதுப் பகுதி மட்டும் அதற்குத் தெரியாது. அதற்கு சர்வரில் தனி ஹெடர்கள் எல்லாம் வேண்டும், ஃபில்டர் பக்கத்துக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: வீடியோ ஃபிரேம்களை இப்படிக் காப்பி செய்துகொண்டே இருந்தால் வேகம் அடிபடாதா? காப்பியே இல்லாமல் செய்ய வழி உண்டா?

பதில்: கணக்குப் போடுவோம். 1920-க்கு 1080 ஃபிரேம் ஒன்றுக்கு 82,94,400 பைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 498 எம்பி. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் செட் மெத்தட் டைப்டு அரேக்களுக்கு இடையே மொத்தமாக அள்ளிப் போடுகிறது, இன்றைய கம்ப்யூட்டரின் மெமரி வேகத்துக்கு இது பெரிய சுமை இல்லை. வேகம் உண்மையில் போவது, பிக்சல் பிக்சலாக ஒரு லூப்பில் செட்வேல்யூ கூப்பிடுகிறவர்களிடம், அல்லது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மேலாக்கும் ஃப்ரீயும் செய்கிறவர்களிடம். இடத்தை ஒரே முறை வாங்கி வைத்துக்கொண்டு அதிலேயே திரும்பத் திரும்ப எழுதுங்கள்.

வெளியே வரும் பக்கத்தில் ஒரு காப்பியை மிச்சப்படுத்தலாம். விடை இருக்கும் முகவரியின் மேலேயே யுஇன்ட்8கிளாம்ப்டு அரே வியூ ஒன்றை வைத்து அதிலிருந்து இமேஜ்டேட்டா உருவாக்கி நேராக கேன்வாஸுக்குப் போடலாம். ஷேர்டு மெமரியாக இருந்தால் இது செல்லாது, அப்போது காப்பி எடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: தமிழ்ச் சொற்களை சி-க்கு அனுப்புகிறேன். ஸ்ட்ரிங்கின் நீளத்தோடு 1 கூட்டித்தான் மேலாக் செய்கிறேன். "தமிழ்" என்று அனுப்பினால் "த" மட்டும் போகிறது! ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

பதில்: ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கை யுடிஎஃப்-16-இல் எண்ணுகிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று "தமிழ்" அதற்கு 5. சி பக்கம் போவது யுடிஎஃப்-8, அங்கே தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 15, முடிவுக்கான பூஜ்யத்தோடு 16. நீங்கள் கொடுத்த இடமோ 6 பைட். அதில் முடிவுப் பூஜ்யத்துக்கு ஒன்று போக மீதி 5, "த" மூன்றை எடுத்துக்கொண்டது, "ம" வைக்க மூன்று வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. எம்ஸ்க்ரிப்டனின் ஸ்ட்ரிங்டுயுடிஎஃப்8 எழுத்தைப் பாதியில் வெட்டாமல் அங்கேயே நிறுத்திக்கொண்டது, அதற்கு நன்றி சொல்லுங்கள். லெங்த்பைட்ஸ்யுடிஎஃப்8 என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது கொடுக்கும் எண்ணோடு 1 கூட்டி இடம் வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இந்தப் பிழை ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர்கள் கண்ணில் படவே படாது.

கேள்வி: லாங் வகை அரே லினக்ஸில் சரியாக வருகிறது, பிரவுசரில் பாதி பாதியாகக் கலைந்து வருகிறது.

பதில்: 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 32 பிட் வெப்அசெம்பிளியில் 4 பைட். லாங் என்று எழுதாதீர்கள், இன்ட்32_டி, இன்ட்64_டி என்று அளவைச் சொல்லி எழுதுங்கள். 64 பிட் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிக்இன்ட்64அரே வியூ வேண்டும், சாதாரண எண்ணாக வராது.

கேள்வி: எம்பைண்ட் (சி++ பொருட்களை ஜாவாஸ்கிரிப்டோடு இணைக்கும் எம்ஸ்க்ரிப்டன் வசதி) வழியாக சி++ வெக்டரை ஜாவாஸ்கிரிப்டுக்கு எடுத்துப் பயன்படுத்துகிறோம். பக்கம் திறந்தே இருந்தால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. ஜாவாஸ்கிரிப்டில்தான் தேவையற்ற மெமரியைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட் பொருட்களை மட்டும். உங்கள் கையில் இருப்பது ஒரு சின்னக் கைப்பிடி, வெக்டரின் லட்சக்கணக்கான உறுப்புகள் வெப்அசெம்பிளி மெமரிக்குள் இருக்கின்றன. கைப்பிடியை கார்பேஜ் கலெக்டர் என்றைக்கு எடுத்துப்போகும் என்று உத்தரவாதம் இல்லை, எனவே வேலை முடிந்ததும் டெலீட் மெத்தடைக் கூப்பிடுங்கள், எர்ரர் வந்து பாதியில் வெளியேறினாலும் கூப்பிடும்படி ஃபைனலியில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை, டெலீட் செய்தபின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்து "குறையவே இல்லையே" என்று மறுபடி எழுதாதீர்கள். வெப்அசெம்பிளி மெமரி வளரும், சுருங்காது. விடுவித்த இடம் உள்ளேயே அடுத்த மேலாக்குக்குப் பயன்படும். ஏறுவது நின்றுவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: வெப்அசெம்பிளிக்கே கார்பேஜ் கலெக்ஷன் வந்துவிட்டதாமே. இனிமேல் அரேயை நேரடியாகக் கொடுக்கலாமா?

பதில்: 2023 கடைசியில் குரோம் 119-இலும் பயர்பாக்ஸ் 120-இலும் வந்தது. அது கோட்லின், டார்ட் மாதிரி மொழிகளுக்கு வரப்பிரசாதம், சி-க்கும் சி++-க்கும் பழைய ஒற்றை மெமரிதான். அந்த மொழிகளிலும் நீங்கள் நினைப்பது நடக்காது, அந்த அரே ஜாவாஸ்கிரிப்டுக்குத் திறக்காத பெட்டி, கையில் வாங்கி வேறு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாமே தவிர உள்ளே 3-வது உறுப்பு என்ன என்று நேராகப் படிக்க முடியாது, அதற்கும் அந்தப் பக்கம் ஒரு ஃபங்ஷன் எழுதிவைக்க வேண்டும். இந்த ஒற்றை மெமரி ஏற்பாடு 2013-இல் மொசில்லா கொண்டுவந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ் காலத்திலிருந்து வருவது. சி நிரலின் மொத்த மெமரியையும் ஒரே அரேபஃபராக வைத்துக்கொண்டால் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினே அதை வேகமாக ஓட்டிவிடும் என்பது அப்போது கண்ட தந்திரம், 2017-இல் நான்கு பெரிய பிரவுசர்களுக்கும் வெப்அசெம்பிளி வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

கேள்வி: எங்களுடையது பிரவுசர் இல்லை, எலக்ட்ரான் ஆப் (ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் டெஸ்க்டாப் ஆப்). சி++ ஆட்ஆன் தன் பஃபரைக் காப்பி எடுக்காமல் அரேபஃபராகச் சுற்றிக் கொடுக்கிறது. நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) நன்றாக ஓடுகிறது, எலக்ட்ரானுக்குள் போட்டால் முடியாது என்கிறது.

பதில்: அங்கே சி++-உம் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே புராசஸில் இருப்பதால் முகவரியை அப்படியே அரேபஃபராக்கித் தருவது சாத்தியம், நோடில் இன்னும் அனுமதி உண்டு. எலக்ட்ரான் 21-இலிருந்து, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினின் மெமரிக் கூண்டு போடப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக்காக. கூண்டுக்கு வெளியே நீங்கள் மேலாக் செய்த இடத்தை அரேபஃபராகக் காட்ட முடியாது. ஏற்பாட்டைத் திருப்பிப் போடுங்கள். அரேபஃபரை வி8-இடமே கேட்டு வாங்குங்கள், நோட்-ஏபிஐயில் அதை உருவாக்கும்போதே உள்ளே எழுதுவதற்கான பாயிண்டரும் கிடைக்கும், சி++ அதிலேயே நேராக எழுதட்டும். காப்பியும் மிச்சம், நோடிலும் அதே கோடு ஓடும். பின்னணி த்ரெட்டில் எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த அரேபஃபருக்கு ஒரு ரெஃபரன்ஸ் பிடித்து வைத்துக்கொண்டு, எழுதி முடித்த பிறகு மெயின் த்ரெட்டுக்கு வந்து அதை விடுங்கள்.